வாசல் கொண்டியும் ஒரு கலப்புக் குட்டியும்

நாய் செத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, ஆளாளுக்கு எங்களுக்கு நாய் தரக் கிளம்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் தமிழாசிரியை, தன் அக்கா வீட்டு லாப்ரடார் குட்டியின் படத்தை அனுப்பினார். மருந்துக்கடைக்காரர் மாத்திரைப் பட்டையை வெட்டிக்கொண்டே, "ஒரு பொமரேனியன் இருக்கு டீச்சர், வெயில் மட்டும் ஆகாது" என்றார். தென்காசியில் வெயில் ஆகாத நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் எரிந்து விழக் கூடாது என்று அந்தப் பத்து நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். வேண்டாம். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். ஒரு சொல்லில் முடிகிற காரியத்துக்கு இரண்டு சொல் செலவழிக்க மாட்டார்.

செத்தவன் ஒரு கலப்பு. தாய் நல்ல கன்னி ஜாதி வேட்டை நாய், தகப்பன் யாரென்று தெரியாது. நெஞ்சும் வயிறும் காலும் கன்னிக்குரியவை, ஒட்டி ஒடுங்கி, சோறே போடாமல் வளர்த்தது போல இருப்பான். தலை மட்டும் தெருநாய்த் தலை. நாய் தெரிந்தவர்கள் அவனைக் காலிலிருந்து பார்த்துக்கொண்டே வந்து தலையை எட்டியதும் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் ஓட்டம் என்றால் அப்படி ஓர் ஓட்டம். தினமும் காலை ஐந்தரைக்கு என் கணவர் சைக்கிளை எடுப்பார். மேலகரத்தில் எங்கள் வீட்டிலிருந்து வாய்க்கால் கரையோடு இலஞ்சி வரை போய்த் திரும்புவார்கள். கரை ஏறும் வரை சைக்கிளோடு வருவான், கரை ஏறியதும் போய்விடுவான், பிறகு புள்ளியாகத்தான் தெரிவான் என்று அவர் சொல்லுவார். நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நான் எழுந்திருப்பதில்லை. அறிவியல் ஆசிரியை என்றாலும் சூரியோதயத்தைப் பாடப் புத்தகத்தில் பார்த்தால் போதும் என்று இருந்தவள்.

அவன் செத்தது சீசனில். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறவர்களுக்கு ஆனி, ஆடி என்றால் என்னவென்று சொல்லத் தெரியும். சாரல் விழுந்துவிட்டது என்று செய்தியில் வந்த மறுநாளே, மற்ற பத்து மாதம் நம்மை மறந்திருந்த சொந்தமெல்லாம் துண்டோடு வந்து இறங்கும். அந்தச் சனிக்கிழமை மதுரையிலிருந்து என் சின்னம்மா குடும்பம், ஒரு வேனில் பதிமூன்று பேர். கூட்டம் சேருமுன் ஐந்தருவிக்குப் போய்விட வேண்டும் என்று காலை ஆறு மணிக்கே கிளம்பினார்கள். என் கணவர் வேனை வழியனுப்பி, கேட்டைச் சாத்தி, கொண்டி போட்டுவிட்டு, மோட்டார் போடப் பின்பக்கம் போனார். அப்போதுதான் நான் பார்த்தேன், துண்டுப் பை ஒன்று நாற்காலியில் கிடந்தது. வேன் தெருமுனையில் திரும்ப முடியாமல் நின்றுகொண்டிருந்தது. பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்து ஓடினேன், கொடுத்தேன், திரும்பி வந்தேன். உள்ளே அடுப்பில் பால் பொங்குகிற வாசனை. ஓடினேன்.

எங்கள் கேட்டின் கொண்டி சொன்னபடி கேட்காது. தூக்கி, உள்ளே தள்ளி, ஒரு அமுக்கு அமுக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றுக்கு நழுவிவிடும். அன்று நான் அமுக்கவில்லை. தூக்கினேனா என்பதே சந்தேகம். பத்து நிமிடத்தில் மெயின் ரோட்டில் பிரேக் போடுகிற சத்தம் கேட்டது.

அவனைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் கிடத்திவிட்டு, என் கணவர் திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தார். "நாந்தான் கொண்டிய சரியாப் போடல" என்றார். நான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. முதலில் அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வீடு நிறைய ஆட்கள், அவர்கள் போகட்டும் என்று நினைத்தேன். அவர்கள் போனபோது அவர் அதை நாலு பேரிடம் சொல்லி முடித்திருந்தார். அதற்குப் பிறகு சொல்லுவது, முதலிலேயே சொல்லுவதைவிடப் பத்து மடங்கு கஷ்டமாகிவிட்டது. வகுப்பில் பிள்ளைகள் தப்பை ஒப்புக்கொள்ளாவிட்டால் பெஞ்சு மேல் ஏற்றுகிறவள் நான்.

அதற்குப் பிறகு சைக்கிள் டயரில் காற்று இறங்கி, தரையோடு ஒட்டிப்போனது. ஐந்து மணிக்கு எழுந்து பழகியவர், எழுந்து முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கேட்டுக்குப் போய்க் கொண்டியை அமுக்கிப் பார்ப்பார். தபால்காரர் போனால் அமுக்குவார், கீரைக்காரி போனால் அமுக்குவார். ஒரு நாள் நான் கோபத்தில், "இன்னும் எத்தனை வாட்டி?" என்று கேட்டேன். "கேட் சாத்தத் தெரியாதவன் பழகிக்கிடுதேன்" என்றார்.

தை மாதம் நான் குட்டி தேட ஆரம்பித்தேன். கணவர் மேல் உள்ள பிரியத்தால் என்று எழுதிவிடலாம், அதுவும் உண்டு. ஆனால் உண்மை வேறு. இன்னொரு ஓட்டநாய் வந்து, சைக்கிளுக்குக் காற்றடித்து, அவர் பழையபடி கரையில் ஏறிவிட்டால் அந்தக் கேட்டுக் கதை தானாக அமுங்கிப்போகும், நான் சொல்லாமலே தப்பிக்கலாம் என்பதுதான் என் திட்டம்.

கேட்டது கலப்பு. அதுவும் கன்னிக் கலப்பு. அதில்தான் சிக்கல். சுத்தமான கன்னி வேண்டும், சிப்பிப்பாறை வேண்டும் என்றால் காட்ட ஆள் இருக்கிறார்கள். கலப்பு வேண்டும் என்று கேட்டு வருகிறவரை எந்த நாய்க்காரரும் மதிப்பதில்லை. செங்கோட்டையில் ஒரு மலையாளி, என்னைக் கடன் கேட்க வந்தவளைப் போல ஏற இறங்கப் பார்த்தார். "கிராஸ் எந்தினு டீச்சரே? சுத்தம் இருக்கே" என்று, ஒரு குட்டியைத் தலைகீழாகப் பிடித்து நகத்தை எண்ணிக் காட்டினார். இருபது நகம் இருந்தது. இருபது இருந்தால் என்ன என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. பண்பொழியில் ஒரு தோப்பில் ஐந்து குட்டிகள் இருந்தன, கலப்புதான். ஒன்று வந்து என் செருப்பின் மேலேயே படுத்துத் தூங்கியது. ஓட்டநாய்க்குரிய ஒன்றும் அதில் இல்லை, தூக்கம்தான் இருந்தது. என் கணவர் காரைவிட்டு இறங்கவே இல்லை. "மலைக்கோயிலுக்குன்னுதான சொன்ன" என்றார்.

வைகாசியில், பள்ளிக்கூடம் லீவில், என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அம்மா போன் செய்தார். அவர் திருவேங்கடம் பக்கத்துக்காரர். "டீச்சர், எங்க பெரியப்பா வீட்ல இருக்கு. ஆனா நான் சொன்னேன்னு சொல்லிராதிய. அவிய அத வெளிய காட்ட மாட்டாவ" என்றார். என்ன விஷயம் என்றால், அந்தப் பெரியப்பா கன்னி நாய் வைத்திருப்பதில் பேர் வாங்கியவர். அவருடைய பெட்டைக்கு இந்தத் தடவை பக்கத்துத் தோட்டத்துக் காவல் நாயால் குட்டி பிறந்துவிட்டது. மானம் போய்விட்டது என்று மாட்டுத் தொழுவத்துக்குள் வைத்து வளர்க்கிறாராம். வந்து கேட்பவர்களிடம், அவை பக்கத்து வீட்டுக் குட்டிகள் என்கிறாராம்.

தெரிந்தவர் வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லி என் கணவரைக் கூட்டிப்போனேன். சங்கரன்கோவில் தாண்டிக் கரிசல் காடு தொடங்கியதும், "இங்கன உனக்கு யாரு தெரிஞ்சவிய?" என்றார். நான் வெளியே பார்த்தேன்.

வீட்டுக்காரருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். நான் அண்ணாச்சி என்றேன், அவர் மனைவியை மதினி என்றேன். காபி வந்தது. குட்டி என்றதும் அண்ணாச்சி, "நம்மட்ட இப்ப ஒண்ணும் இல்லியே" என்றார். சொல்லி முடிக்குமுன் தொழுவத்திலிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது.

"அது அடுத்த வீட்டுது" என்றார்.

மதினி சிரித்துவிட்டார். "ஆமா, அடுத்த வீட்டுக் குட்டிக்கு நம்ம வீட்டு நாய் பால் குடுக்கு. எத்தன நாளைக்கு மறைப்பிய? படிச்சவிய, தேடி வந்திருக்காவ, காட்டுங்க."

மூன்று குட்டிகள். இரண்டு காவல் நாயைப் போலவே கட்டுக்குட்டென்று இருந்தன. மூன்றாவது பெட்டை, காய்ந்த வைக்கோல் நிறம், முன்கால் இரண்டிலும் வெள்ளைச் சாக்ஸ். ஒரு காது நின்றது, ஒன்று மடிந்தது. கால் மட்டும் அந்த உடம்புக்கு ஒரு சாண் அதிகம். தொழுவத்துக் கதவைத் திறந்ததும் மற்ற இரண்டும் எங்கள் காலைச் சுற்றின. இவள் எங்கள் நடுவே புகுந்து களத்துக்குப் போய், வட்டமாக ஒரு சுற்று, இன்னொரு சுற்று, காலுக்குக் கால் இடித்து விழுந்து எழுந்து மூன்றாவது சுற்று ஓடினாள். யாரும் துரத்தவில்லை. எனக்கு நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பக்கத்தில் நின்றவர் மூச்சு விடுவது மாறியது எனக்குத் தெரிந்தது. முப்பது வருடம் கூட இருக்கிறேன்.

"இதக் கேக்கியளா?" என்றார் அண்ணாச்சி, நம்ப முடியாமல்.

"இதுதான்" என்றேன்.

"சரி. துட்டு ஒண்ணும் வேண்டாம், எங்க வீட்டுல குட்டிய விக்கிறது இல்ல. ஒண்ணு மட்டும் கேப்பேன். உங்க வீட்டுல கேட் சாத்துறது யாரு?"

சோறு வைப்பது யார் என்று கேட்பார்கள், தவறாமல் தடுப்பூசி போடுவீர்களா என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை. நான் விழித்ததைப் பார்த்து மதினிதான் சிரித்துக்கொண்டே விளக்கினார். "பெட்ட சூட்டுல இருக்கையில தொழுவக் கதவத் தொறந்து போட்டுட்டுத் தூங்குனது இவியதான். அந்த அன்னைலருந்து யாரு குட்டி கேட்டாலும் இந்தக் கேள்விதான்."

"சிரிக்காத. கேட் சாத்துற கையிலதான் குட்டியக் குடுப்பேன்" என்று அண்ணாச்சி குட்டியைத் தூக்கி, இயல்பாக என் கணவரிடம் நீட்டினார்.

அவர் ஓரடி பின்னால் போனார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "என் கையில குடுக்காதிய அண்ணாச்சி" என்றார். "நான் கொண்டி போடாம விட்டுத்தான் போன வருசம் எங்க நாய் செத்துச்சு. குட்டிய விட்டுருங்க. நாங்க வாரோம்."

திரும்பிக் காரை நோக்கி நடந்தார். ஐம்பத்தெட்டு வயது ஆள், சொந்தக் கையை ஒளித்துக்கொண்டு நடக்கிறார். என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

"அது நான்" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், தொழுவத்தில் மாடு திரும்பிப் பார்த்தது. "நீங்க சாத்துனிய. சரியாத்தான் சாத்துனிய. அப்பறம் நான் தொறந்தேன். துண்டுப் பையக் குடுக்க ஓடுனேன். திரும்பி வந்து கொண்டி போடல. பால் பொங்குச்சு."

அவர் நின்றார், திரும்பவில்லை. நான் அழுதேன். அந்நியர் வீட்டுத் தொழுவ வாசலில், ஓர் ஆசிரியை, மூக்கு ஒழுக. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் பதினோரு மாதமாக நெஞ்சில் கிடந்தது இறங்கிய சுகமும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். மதினி என் தோளைத் தட்டினார். அண்ணாச்சி என்ன செய்வதென்று தெரியாமல் கையில் இருந்த குட்டியை என் கையில் வைத்தார். "அப்பம் இனி நீங்க சாத்துங்க" என்றார்.

வண்டியில் ஏறினோம். குட்டி என் மடியில் ஒரு தடவை வாந்தி எடுத்தாள், பிறகு தூங்கினாள். சங்கரன்கோவில் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் என் கணவர் வண்டியை நிறுத்தினார்.

"பதினோரு மாசம்" என்றார். "ஒரு நாளாவது சொல்லணும்னு தோணலையா?"

"தெனமும் தோணுச்சு."

இறங்கிப் போனார். வெயிலில் ரோட்டோரமாக வெகுதூரம் நடந்தார். அப்படியே நடந்து ஊருக்குப் போய்விடுவாரோ என்றுகூட நினைத்தேன், சாவி வண்டியில்தான் இருந்தது. கால்மணி நேரம் கழித்து வந்து ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்தத் துண்டு யாரோடது?"

"சின்னம்மா மருமகனோடது."

"அந்தத் தடியனுக்கா?" என்றார். அவர் குரலில் அத்தனை வெறுப்பு இருந்தது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத முகத்தோடு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சரி, கேட்டுக்கோ. நான் பதினோரு மாசம் தூக்கிச் சொமந்தேன். இனி பதினோரு மாசம் உன் முறை. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும். குட்டிய வெளிய கூட்டிட்டுப் போறது, கூட்டிட்டு வாரது, கேட் சாத்துறது எல்லாம் நீ. ஞாயித்துக்கிழம கெடையாது, லீவு கெடையாது."

"மழை பெஞ்சா?"

"சாரல்ல நனஞ்சா ஒண்ணும் செத்துற மாட்ட."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் இத்தனை வாக்கியம் பேசியது அன்றுதான். தண்டனை என்றாலும் எனக்கு நிம்மதியாக இருந்தது. கோபத்தை மனதுக்குள் வைத்துக் குமைகிறவரிடம் பட்டாளத்துச் சட்டம் பரவாயில்லை.

சும்மா சொல்லவில்லை அவர். மறுநாள் ஐந்து மணிக்குக் கட்டிலின் காலை ஓர் உதை. "எந்திரி." அவ்வளவுதான். அதற்குள் சாரலும் வந்துவிட்டது. குடையும் டார்ச்சுமாக, தூக்கக் கலக்கத்தில், ஈரத் தெருவில் ஒரு குட்டியின் பின்னால் போனேன். எதிரே வந்தவர்கள், "என்ன டீச்சர், சுகரா?" என்று கேட்டார்கள். அந்தச் சீசனுக்கும் சின்னம்மா குடும்பம் வந்தது. நான் கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவர் வெளியே போகும்போதும் துண்டு இருக்கிறதா என்று கேட்டுத்தான் அனுப்பினேன். மருமகனுக்கு என் மேல் இன்னும் வருத்தம் என்று கேள்வி.

முதல் இரண்டு மாதம் அவர் முற்றத்திலேயே உட்கார்ந்து, நான் போவதையும் வருவதையும் பார்ப்பார். மூன்றாம் மாதம் சைக்கிளுக்கு டியூப் மாற்றினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு இருபதடி பின்னால், சம்பந்தமில்லாதவர் போல ஓட்டிக்கொண்டு வந்தார். "கயித்த இழுத்துப் பிடிக்காத", "எடது பக்கம் விடு" என்று கட்டளை மட்டும் பின்னாலிருந்து வரும். கார்த்திகையில் என் அண்ணன் மகள் விட்டுவிட்டுப் போன லேடீஸ் சைக்கிளைத் துடைத்து, சீட்டை இறக்கி எனக்கு வைத்தார். முப்பது வருடம் கழித்துச் சைக்கிள் ஓட்டினேன். இரண்டு தடவை வாய்க்காலில் இறங்கினேன், ஒரு தடவை சைக்கிளோடு.

பிசான நெல் அறுப்பு முடிந்து வயல் வெறும் தாளாகக் கிடந்த மாசி மாதத்தில்தான் அவளை முதன்முதலாகக் கயிறு இல்லாமல் விட்டோம். கரை மேல் ஏறி நின்றாள். மேற்கே மலையிலிருந்து காற்று வந்தது, மடிந்த காதும் நிமிர்ந்தது. பிறகு போய்விட்டாள். உடம்பு தரையோடு தரையாகத் தாழ்ந்தது, நாலு காலும் ஒரு கணம் தரையில் இல்லை. வரப்பைத் தாண்டினாளா, அதன் மேல் பறந்தாளா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. வயலின் கடைசியில் கொக்குகள் எழும்பின, அவள் அவற்றைச் சட்டை செய்யவே இல்லை. ஓட வேண்டும், ஓடினாள். இத்தனை வருடம் இவர் தினமும் இதைப் பார்த்துவிட்டு வந்து, காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் பேப்பர் படித்திருக்கிறார். எனக்குக் கோபமே வந்தது.

"இப்படி இருக்கும்னு நீங்க சொல்லவே இல்ல" என்றேன்.

"சொன்னேன். நீ தூங்கிக்கிட்டிருந்த."

அவள் திரும்பி வந்து, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, எங்கள் இரண்டு சைக்கிளுக்கும் நடுவே விழுந்தாள். அவர் குனிந்து அவள் விலாவில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

சித்திரைக் கடைசியில் பதினோரு மாதம் முடிந்தது. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், அவரும் எண்ணியிருப்பார், பட்டாளத்துக்காரர் நாள் எண்ணாமல் இருப்பாரா. ஆனால் முந்தின நாள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் ஐந்து மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. கட்டிலை யாரும் உதைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். அவர் எழுந்தது, கதவைத் திறந்தது, சைக்கிள் ஸ்டாண்டை எடுத்தது எல்லாம் கேட்டது. ஒரு சைக்கிள்தான். என் முறை முடிந்துவிட்டது, இனி தூங்கலாம். இத்தனை நாள் எதற்காகக் காத்திருந்தேனோ அது கிடைத்துவிட்டது, அது வேண்டவே வேண்டாம் என்று இருந்தது.

காலடிச் சத்தம் திரும்பி வந்தது. அறை வாசலில் நின்றார். பதினோரு மாதமாக என்னை எழுப்ப 'எந்திரி' தவிர வேறு சொல் தெரியாதவர், செருமிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவரைப் போலத் தயங்கி, "ஏட்டி, வாரியா?" என்று கேட்டார்.